ஒரே ஏரி, பன்னிரண்டு மாதம்: நீர்நிலைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் நீர்நிலைப் படம் என்றதும் வேடந்தாங்கலுக்கோ பிச்சாவரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கூட்டத்தோடு நின்று எடுப்பதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு ஏரியையோ கண்மாயையோ பிடித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அங்கேயே போங்கள். மழையில் நிறைவது, பனியில் மூடுவது, கோடையில் வெடிப்பது என ஒரே இடம் வேறு வேறு முகம் காட்டும். நம் ஊர் ஏரிகளுக்கு இந்த மாற்றம் மற்ற எந்த நீர்நிலையையும்விட அதிகம்.

முதல் நடை: கேமரா வேண்டாம்

முதல் தடவை போகும்போது கைபேசி மட்டும் போதும். கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால்வாயின் வாய், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், கடைசிவரை தண்ணீர் நிற்கும் ஆழமான பகுதி. கடைசி இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆடு மேய்ப்பவரிடமோ மீன் குத்தகைக்காரரிடமோ கேட்டால் சொல்வார்கள்.

இந்த நான்கும் படத்துக்கு ஏன் முக்கியம்? மழைக்காலத்தில் புதுத்தண்ணீரும் அதைத் தேடி வரும் கொக்குகளும் முதலில் தெரிவது வரத்து வாயில். கலங்கல் பாய்வது வருடத்தில் சில நாட்கள்தான், சில வருடங்களில் அதுவும் கிடையாது. மதகையொட்டிப் பெரும்பாலும் கல் கட்டுமானம் இருப்பதால் முன்புறத்துக்கு நல்ல வடிவம் கிடைக்கும். ஆழப்பகுதியில்தான் சித்திரையில் மிச்சமிருக்கும் பறவைகள் எல்லாம் கூடும்.

கரை எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டுச் சமவெளி பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கே, நீர்ப்பிடிப்பு மேற்கே. கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் காலை வெயில் உங்கள் முதுகில் விழும், மாலைச் சூரியன் தண்ணீருக்கு அப்பால் இறங்கும். ஆகவே பறவையின் நிறமும் இறகின் விவரமும் வேண்டுமானால் காலை. பனைமர நிழலுரு, பொன்னிறத் தண்ணீர், தோணியின் கோட்டுருவம் வேண்டுமானால் மாலை. உங்கள் ஏரியில் கரை வேறு திசையில் இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசியின் திசைகாட்டியில் ஒரு நிமிட வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. சென்னை அளவிலான அட்சரேகையில் ஜூன் கடைசியில் சூரியன் நேர்கிழக்குக்குச் சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது, டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, அரை வருடத்தில் சூரியன் ஐந்து முஷ்டி அகலம் நகர்கிறது, மறைவதும் அப்படியே. கோயில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படம் வேண்டுமென்றால் அது வருடத்தில் இரண்டு முறை சில நாட்களுக்கு மட்டும் அமையும். ஒரு மாதம் முன்பே போய் முஷ்டியால் அளந்துவிட்டால் தேதியை ஓரளவு சொல்லிவிடலாம்.

நிலைப்புள்ளி வைப்பது

வருடம் முழுக்க ஒரே இடத்திலிருந்து ஒரே சட்டகத்தை எடுப்பதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. மூன்று புள்ளிகள் போதும், அதற்கு மேல் வைத்தால் இரண்டாம் மாதமே சலிப்பு தட்டும்.

1. அசையாத ஒன்றின்மேல் நில்லுங்கள்: மதகுக் கல், கலங்கல் சுவரின் முனை, மைல்கல். மரத்தடி என்று வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் மரம் இருக்குமோ என்னவோ.

2. கேமராவின் உயரத்தை அளந்து எழுதுங்கள். முக்காலியில் 140 செ.மீ. என்றால் எப்போதும் 140 தான். கண் மட்டம் என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிவானம் கொஞ்சம் நகரும்.

3. ஜூம் லென்ஸ் என்றால் ஏதாவது ஒரு முனையில் வையுங்கள், 24 அல்லது 18 மி.மீ. போல. நடுவில் 31, 33 என்று வைத்தால் திரும்ப வைக்க முடியாது. கைபேசியில் 1 எக்ஸ் மட்டும். இந்த வேலைக்குக் கைபேசி கேமராவைவிட வசதி.

4. சட்டகத்தின் இரண்டு மூலைகளில் மாறாத அடையாளங்கள் இருக்கட்டும்: ஒரு பக்கம் கோபுரம், மறு பக்கம் மலை முகடு அல்லது மின்கோபுரம். முதல் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பொருத்துங்கள்.

5. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ‘வெயில்’ என்று நிறுத்திவையுங்கள். ஆட்டோவில் விட்டால் செம்மண் தண்ணீரின் நிறத்தைக் கேமராவே ‘திருத்தி’ச் சாம்பலாக்கிவிடும். பிறகு ஐப்பசிக்கும் தைக்கும் உள்ள வித்தியாசமே படத்தில் தெரியாது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனால் போதும். கனமழைக்கு மறுநாள் மட்டும் கணக்கில் இல்லாமல் ஒரு நடை போய்வாருங்கள்.

பையில் என்ன

தொடங்குபவருக்கு 18–55 மாதிரியான ஒரு லென்ஸும் 70–300 மாதிரியான ஒரு லென்ஸும் தாராளம். 600 மி.மீ. லென்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள். பறவை வாழும் இடத்தோடு சேர்த்து எடுத்த படம், முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த படத்தைவிட அதிகம் பேசும்.

ஃபில்டர்களில் முதலில் வாங்க வேண்டியது போலரைசர். தண்ணீரின் மேல்மினுக்கை வெட்டி உள்ளே இருக்கும் கொடியையும் மீனையும் காட்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நேர் கீழே பார்த்தாலும் தொலைவில் அடிவானத்தைப் பார்த்தாலும் பயன் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) விழுங்கும் என்பதால் பறவைகள் பறக்கும்போது கழற்றிவிடுங்கள். பிம்பம் வேண்டிய படத்திலும் கழற்றிவிடுங்கள். போட்டதை மறந்து, தண்ணீரில் மலை தெரியவில்லையே என்று தேடுகிறவர்கள் உண்டு.

கலங்கல், அருவி, ஆற்று ஓட்டம் எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். ஆறு ஸ்டாப் ஃபில்டர் 1/60 வினாடியை ஒரு வினாடியாக்கும். பத்து ஸ்டாப் அதையே 16 வினாடியாக்கும். முதலில் ஆறு ஸ்டாப் வாங்குங்கள். ஓட்டத்தின் இழை தெரிய 1/4 முதல் 1 வினாடி போதும். பத்து வினாடிக்கு மேல் போனால் எல்லாத் தண்ணீரும் ஒரே வெள்ளைப் படலமாகிவிடும், காவிரியா கழிவுநீரா என்றுகூடத் தெரியாது.

முக்காலியைச் சேற்றில் வைக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: மேல்பகுதியை நீட்டிவிட்டு அடிப்பகுதியைச் சுருக்கி வைப்பது. தண்ணீரிலும் மணலிலும் தலைகீழாகச் செய்யுங்கள். மெல்லிய அடிக்கால்களை முதலில் முழுசாக நீட்டினால் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் புகாது. களிமண்ணில் கால் இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீர் வரும்போது

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ தொடங்கி டிசம்பர்வரை போகிறது. ஏரி நிறைவதை எடுக்க இதுதான் காலம். மேகமூட்ட வெளிச்சத்தில் நிழல் விழாது, பச்சை ஆழமாக வரும். அதே சமயம் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். வானத்தைச் சட்டகத்தில் கால்பங்குக்குமேல் விடாதீர்கள்.

மழைத்துளி படத்தில் தெரிய வேண்டுமானால் பின்னால் இருள் வேண்டும். வானத்துக்கு எதிரே எவ்வளவு மழை பெய்தாலும் படத்தில் மழை இருக்காது. பனங்கூட்டத்துக்கோ ஆலமரத்துக்கோ எதிரே 1/60 வைத்தால் துளிகள் கோடாக விழும். 1/500 வைத்தால் தண்ணீரில் தெறிக்கும் கிரீடங்கள் உறைந்து நிற்கும்.

கலங்கல் பாய்கிற நாளில் கல்மேல் ஏறாதீர்கள். பாசி பிடித்த கல்லில் எந்தச் செருப்பும் நிற்காது. பக்கவாட்டுச் சுவரிலிருந்து, ஓட்டம் சட்டகத்துக்குக் குறுக்காகப் போகும்படி எடுங்கள். மதகின் உறிஞ்சும் பக்கத்தில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத்தான் இருக்கும், அடியில் இழுவை வேறு. காலில் சிறு வெட்டு இருந்தாலும் வெள்ளத் தண்ணீரில் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறுகிறது.

ஏசி காரிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ நேராக ஏரிக்கரைக்குப் போனால் லென்ஸில் நீராவி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடிவைத்து அரை மணி நேரம் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரவிடுங்கள். முதல் நாள் இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

மார்கழி, தை: பனியும் பறவையும்

இரவு வானம் தெளிந்து, காற்று ஓய்ந்திருந்தால் விடியலில் ஏரியில் பனிமூட்டம் எதிர்பார்க்கலாம். பகல் சூட்டைத் தண்ணீர் வைத்திருக்க, மேலே காற்று குளிர்ந்துவிடுவதால் வரும் ஆவி அது. சூரியன் ஏறி ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரிய உதயம் ஆறரை மணியை ஒட்டி வருகிறது. ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருங்கள். பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஆட்டோ ஃபோகஸ் மூட்டத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தால், மரத்தின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

காற்றில்லாத இந்தக் காலைகள்தான் பிம்பத்துக்கு ஏற்றவை. இங்கே மூன்று நுணுக்கம். முதலாவது, தண்ணீரில் தெரியும் மரத்தின் பிம்பம் ஃபோகஸைப் பொறுத்தவரை மரம் இருக்கும் தொலைவில்தான் இருக்கிறது, தண்ணீரின் மேற்பரப்பில் இல்லை. மேற்பரப்பில் மிதக்கும் அல்லி இலையும் பிம்பமும் சேர்ந்து தெளிவாக வேண்டுமானால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வையுங்கள். இரண்டாவது, பிம்பம் அசலைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் இருண்டிருக்கும். வானத்துக்கு எக்ஸ்போஷர் சரியாக்கி, பிறகு ரா (RAW) கோப்பில் கீழ்ப்பகுதியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பிம்பத்தை வானத்தைவிடப் பிரகாசமாக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமலே படம் பொய்யாகப் படும். மூன்றாவது, சாய்வைச் சரிசெய்ய எதிர்க்கரையின் கோட்டை நம்பாதீர்கள். கரை உங்களைவிட்டு விலகிப் போகும்போது கோடு உண்மையிலேயே சாய்ந்துதான் தெரியும். ஒரு கம்பத்தின் உச்சியும் அதன் பிம்பத்தின் உச்சியும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்படி திருப்புங்கள். எப்போதும் சரியாக வரும்.

இனி பறவை. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும், நெல்லையின் கூந்தன்குளமும், சிவகங்கையின் வேட்டங்குடியும் இந்தப் பருவத்தில் நிறையும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்ல முடியாது, லென்ஸுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பறக்கும் நாரைக்கு 1/1000, சின்னப் பறவைகளுக்கு 1/2000, எஃப் 8, ஐஎஸ்ஓ ஆட்டோ. மரநிழலுக்கு முன்னால் உட்கார்ந்த வெள்ளைப் பறவைக்கு −0.7 முதல் −1 வரை இறக்குங்கள். இறக்காவிட்டால் இறகு முழுக்க வெளுத்துப்போகும், அதைப் பிறகு மீட்க வழியில்லை. வானத்துக்கு எதிரே பறக்கும் பறவைக்கு அதற்கு நேர்மாறாக +1.

கூடு கட்டிய பறவையைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பவர்களை எந்தச் சரணாலயத்திலும் பார்க்கலாம். தாய் நாரை இறக்கையை விரித்து உட்கார்ந்திருப்பது குஞ்சுக்கு நிழல் தருவதற்காக. அது எழுந்து போனால் உச்சி வெயிலில் குஞ்சு வெந்துவிடும், இல்லாவிட்டால் காகம் எடுத்துப் போகும். வேடந்தாங்கல் ஊரார் கேட்டுக்கொண்டதன்பேரில் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தது 1798-ல். வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் போய்க் கைதட்டிப் பறவை எழுப்பினால் ஊரார் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. சரணாலயத்துக்குள் டிரோன் கொண்டுபோகாதீர்கள். கேமராக் கட்டணம் இருந்தால் வாசலிலேயே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் சரியான இடத்தைப் படத்தோடு இணையத்தில் போட வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை சதுப்பை வெட்டிக்கொண்டு போகிறது. சாலையோர நடைபாதையில் நின்றாலே நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும் கிடைக்கும். பின்னணியில் அடுக்குமாடிகள் வரும். அதை மறைக்கப் பார்க்காதீர்கள், அந்த இடத்தின் கதையே அதுதான்.

மாசி, பங்குனி

தண்ணீர் தெளிந்து இறங்கும் காலம். போலரைசருக்கு வேலை வரும். கரையோரம் வெளிப்படும் ஈரமண்ணில் உள்ளான்களும் பவளக்காலிகளும் நடக்கும். கேமராவைத் தரையோடு வைத்து, பறவையின் கண்மட்டத்தில் எடுங்கள். கரைமேல் நின்று எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் கிடைக்கும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் முன்புறத்தை அடைத்துக்கொண்டால் இடத்தை மாற்றுங்கள். ஒடித்துப் போடாதீர்கள், அதற்குள்ளேயே தாழைக்கோழி கூடு வைத்திருக்கலாம்.

சித்திரை, வைகாசி: ஏரி காயும்போது

ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னைப் பக்கம் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடியில் சுருண்டுவிடும். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை கேமராவை எடுக்காமல் இருப்பது உத்தமம். இந்த மாதங்களில் புதியவர்கள் அதிகம் புலம்புவது, லென்ஸ் கெட்டுவிட்டது, தூரத்துப் பறவை கூர்மையாக வரவில்லை என்று. லென்ஸ் கெடவில்லை. சூடான தரைக்கு மேலே காற்று அலைவதால் தொலைவிலுள்ள எல்லாமே குழைகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் தீராது. காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது கிட்டே இருப்பதை எடுங்கள்.

கிட்டே எடுக்க நிறைய இருக்கிறது. வெடித்த களிமண்ணைச் சாய்ந்த வெயிலில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால்தான் வெடிப்பின் ஆழம் தெரியும். சங்கு, நத்தை ஓடு, பழைய படித்துறை, மண்ணுக்குள்ளிருந்து தலைகாட்டும் கல்தூண் எல்லாம் வெளியே வரும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிய தேவாலயத்தின் கோபுரமும் கோயில் நந்தியும் தலைகாட்டுவதை ஒவ்வொரு வறட்சியிலும் பத்திரிகைகள் படம்போட்டுச் சொல்லும். நீர்த்தேக்கப் பகுதியை எடுக்கலாம். அணைக்கட்டுமானத்தை எடுக்கத் தடை உள்ள இடங்கள் உண்டு, பலகையைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். தேதி ஊரில் பறையடித்தோ வாட்ஸ்அப்பிலோ தெரியவரும். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஊத்தாவும் (மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) கச்சாவும் வலையுமாக ஒரே ஓட்டமாக இறங்குவார்கள். அந்த ஓட்டம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் கரைமேல் உயரத்தில் இடம் பிடித்து, அகல லென்ஸ் போட்டு, 1/1000-ல் தயாராக இருங்கள். பிறகு தண்ணீர் குழம்பி எல்லோரும் சேற்று நிறமாகிவிடுவார்கள். அப்போது நெருங்கி எடுங்கள்: ஊத்தாவுக்குள் கைவிட்டுத் துழாவும் முகம், கோணிப்பையில் துள்ளும் விரால், இடுப்பில் கட்டிய வலைப்பை. அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், தெறிக்கும் சேறு சென்சாருக்கே போகும். பெண்களையும் குழந்தைகளையும் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடமும் அதே கண்மாய்க்குத்தான் போகப்போகிறீர்கள்.

ஆனி முதல் புரட்டாசி: ஆற்றுப் பக்கம்

வடமாவட்ட ஏரிகள் இந்த மாதங்களில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், ஆனிக் காற்றில் மிச்சத் தண்ணீரும் சலசலத்துப் பிம்பம் வராது. நிலைப்புள்ளிப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆற்றுக்குப் போகலாம். மேட்டூரிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. கையிருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகக் காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு நகர்வதைப் பார்க்கப் பாலத்தின்மேல் நிற்பதுதான் நல்ல இடம். ஓட்டம் உங்களை நோக்கி வரும்படி மேற்கே பார்த்து நின்றால் காலையில் வெயிலும் சரியாக விழும். ஆடிப்பெருக்குக்குத் திருச்சி அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரியும். அங்கே ஆளைவிட ஆற்றங்கரையில் பரப்பிய முளைப்பாரியும் காதோலைக் கருகமணியும் கிட்டத்தில் எடுக்கக் கிடைக்கும்.

மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளம் இருக்கும். மேலிருந்து தெரியாது. கேமராவோடு ஆற்றுக்குள் நடக்கவே வேண்டாம். அணை திறப்பு எச்சரிக்கை வந்தால் நடுத்திட்டில் இருந்து உடனே கரையேறுங்கள், மழை பெய்வது வேறு மாநிலத்தில் என்பதால் இங்கே வானம் தெளிவாகவே இருக்கும்.

பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ பிச்சாவரத்திலோ எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து காயவிடுங்கள். கேமராவை நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்துணி. உப்பு காய்ந்தபின் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். நம் ஊர் ஈரப்பதத்தில் தோல் பைக்குள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை வலைபோலப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நூறு கிராம் சிலிக்கா ஜெல், ஓரத்தில் ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.